மேளம் வராத வாசல்

மாவிளக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சரசு அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அரக்குப் பட்டு. தலை நிறையக் கனகாம்பரம். தட்டில் பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த உருண்டை, நடுவில் குழி, குழியில் நெய், நெய்யில் திரி. விளக்கு ஏற்றியாயிற்று. வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாயிற்று. மேளம் வந்து அழைக்க வேண்டியதுதான் பாக்கி.

தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது.

"வந்துக்கினு இருக்குது" என்றார் அக்கா. முந்தானையை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

மேளம் வரப்போவதில்லை. அது அந்த வீட்டில் அக்காவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அக்காவின் புருஷனுக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். ஊர் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார்கள். அக்காவிடம் இருப்பது பட்டன் போன்.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். ஊர் உலகத்துச் சண்டைக்கெல்லாம் தேதி சொல்லிப் பிழைத்தவள் நான். சொந்தக் கதைக்குத் தேதி வரமாட்டேன் என்கிறது. ரொம்ப நாளாகவில்லை, அவ்வளவுதான்.

முதல் தட்டு

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதலில் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. சரசு அக்கா என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. ஊர், பாலக்கோட்டுக்குப் பக்கம். தெருவில் தமிழும் பேசுவார்கள், கன்னடமும் பேசுவார்கள், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பேசுவார்கள்.

மாரியம்மன் திருவிழாவை எங்கள் ஊரில் திருவிழா என்று யாரும் சொல்வதில்லை. பண்டிகை என்பார்கள். பண்டிகையன்று சாயங்காலம் பெண்கள் மாவிளக்கு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். ஆனால் ஊர்வலம் தானாகக் கிளம்பிவிடாது. பம்பைக்காரர்கள் முதலில் பெரிய வூட்டு வாசலுக்கு வந்து முழக்க வேண்டும். அந்த வீட்டு மூத்த மருமகள் தட்டோடு படியிறங்க வேண்டும். அதற்குப் பின்னால்தான் ஊர். மேளம் வந்து அழைக்காமல் அவள் இறங்கக் கூடாது. அவள் இறங்காமல் வேறு எந்தத் தட்டும் நகரக் கூடாது.

அந்தப் பெரிய வூடு எங்களுடையது. அந்த மூத்த மருமகள் சரசு அக்கா.

ஒரு வருடம் கிளம்புகிற நேரத்தில் அக்காவின் ரவிக்கை ஊக்கு அறுந்துவிட்டது. அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு வரும்வரை மொத்த ஊரும் தட்டோடு தெருவில் நின்றது. அக்கா நிதானமாக இறங்கி வந்தார். "என்னா, போலாமா?" என்றார். கூட்டத்தின் கடைசியில் நின்ற எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. ஆனாலும் அவர் நடந்த நடை இருக்கிறதே, அதற்காகவே இன்னும் கொஞ்சம் நிற்கலாம்.

எப்படிக் கிடைத்தது இந்த முதல் தட்டு? என் மாமனாரின் அப்பா ஒரு பஞ்ச காலத்தில் தன் கிணற்றை ஊருக்குத் திறந்துவிட்டாராம். ஊர் நன்றியோடு முதல் மரியாதையை அந்த வீட்டுக்குக் கொடுத்ததாம். அப்புறம் ஊரின் முதல் கரண்டு மோட்டார், முதல் டிராக்டர், முதல் டிவி எல்லாம் எங்கள் வீட்டில்தான்.

நான் கல்யாணமாகி வந்தபோது கிணற்றில் புறா கூடு கட்டியிருந்தது. டிராக்டர் புளியமரத்தடியில் துருப்பிடித்து நிற்க, அதன் சீட்டில் கோழி அடைகாத்தது. நிலம் நாலு பங்காகி, நாலில் இரண்டு பங்கு வீட்டுமனையாகிவிட்டது. முதல் தட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அஞ்சு மார்க் கேள்வி

நான் ஹிஸ்டரி டீச்சர். மேல்நிலைப் பள்ளியில் எத்தனையோ வருடம் நான் நடத்தியது ஒரே பாடம்தான் என்று இப்போது தோன்றுகிறது: பேரரசு எழுச்சி, பேரரசு வீழ்ச்சி. மௌரியர் எழுந்தார்கள், விழுந்தார்கள். குப்தர், ரோமானியர், முகலாயர், அப்புறம் சூரியனே மறையாது என்று மார்தட்டியவர்கள்.

ஒரு மாணவி எல்லா வீழ்ச்சிக் கேள்விக்கும் ஒரே பதில் எழுதுவாள். வலிமையற்ற வாரிசுகள். பரந்து கிடந்த எல்லை. காலியான கஜானா. பெயரை மட்டும் மாற்றுவாள்.

"என்னம்மா இது, ரோமுக்கும் இதுவே, டெல்லிக்கும் இதுவேவா?" என்று கேட்டேன்.

"ராஜா மாறுறாங்க, பதில் மாறலியே டீச்சர்" என்றாள்.

முழு மார்க்கும் போட்டுவிட்டேன். வேறென்ன செய்ய!

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இந்தப் பாடத்தை நடத்துவது சுலபம். தகடூர் என்ற பேரில் ஒரு காலத்தில் இதுவே தலைநகரம். அப்புறம் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வழி. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சாளர், விஜயநகரம், மைசூர், கம்பெனி என்று ஒருத்தர் பாக்கியில்லை. இன்றைக்கு லாரிகள் தொப்பூர் கணவாயில் மூச்சிரைத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி, எத்தனையோ ராஜாக்களின் படை இந்தப் பக்கம் ஏறி இறங்கியிருக்கிறது.

எங்கள் தோட்டத்து வரப்பில் ஒரு கல் நிற்கிறது. வில்லும் கத்தியுமாக ஒரு வீரன். யாரோ ஒரு ராஜாவின் காலத்தில் மாடு மீட்கப் போய்ச் செத்தவன். ராஜாவின் பேர் தேய்ந்து மழுங்கிவிட்டது. செத்தவனை ஊர் வேடியப்பன் என்று கும்பிடுகிறது, கோழி அறுக்கிறது. ராஜாவுக்கு ஒரு முட்டைகூடக் கிடையாது.

வகுப்பில் நான் இன்னொன்றும் சொல்வதுண்டு. பேரரசு ஆட்டம் கண்டது பேரரசருக்குத்தான் கடைசியில் தெரியும். எல்லைக் காவல்காரனுக்குத் தெரியும், வரி வசூலிப்பவனுக்குத் தெரியும், பல்லக்குத் தூக்குபவனுக்குத் தெரியும். கெட்ட சேதி கொண்டுபோனவன் என்ன ஆனான் என்பதும் தெரியும், ஆகையால் ஒருத்தனும் கொண்டுபோக மாட்டான். தர்பாரில் சாமரம் வீசிக்கொண்டே இருப்பார்கள்.

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுச் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அக்காவின் ஆட்சி

வீட்டில் ஆட்சி அக்காவுடையது. எந்தப் பானையில் எவ்வளவு மோர் கடைய வேண்டும், யார் எந்தத் தட்டில் சாப்பிட வேண்டும், எந்த நேரத்தில் எந்த சீரியல், எல்லாம் அவர் உத்தரவு. நான் வந்த புதிதில் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஹிஸ்டரி படிச்சவளாம். களி கிண்டத் தெரியுமாடி?" என்று கேட்டார். தெரியாது. அன்றைக்கு ஆரம்பித்தது என் அடிமை வாழ்வு.

சும்மா சொல்லக் கூடாது. நான் விடைத்தாள் திருத்தத் தருமபுரிக்கு ஓடிய நாட்களில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் தலை பின்னி, சோறூட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு உலாத்தியது அவர்தான். காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடினால் பின்னாலேயே டிபன் பாக்ஸோடு ஓடி வந்து, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக என் மடியில் வீசுவார். கண்டக்டர்கூட அவருக்குப் பயந்து பஸ்ஸை மெதுவாக விடச் சொல்வார்.

ஆனால் கோபம்! அம்மாடி. சொந்தத் தம்பி தன் பிள்ளையின் காதுகுத்துக்கு நேரில் வந்து வெத்தலை பாக்கு வைக்காமல் போனில் அழைத்துவிட்டான். அன்றோடு அந்த வீட்டு வாசலை அக்கா மிதிக்கவில்லை. தம்பி பிறகு வந்து காலில் விழுந்து பார்த்தான். தண்ணீர் கொடுத்து அனுப்பினார், மனசைக் கொடுக்கவில்லை.

ஆகவே எங்கள் பயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊர்க் கோயிலையும் அக்கா அப்படித் தலைமுழுகிவிட்டால்? ஊரில் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகாமல், அந்தப் பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு மீதிக் காலத்தை அந்தக் கூடத்திலேயே கழித்துவிட்டால்? செய்யக்கூடிய ஆள்தான்.

தக்காளி வந்த கதை

ஒரு பக்கம் இறங்கினால் இன்னொரு பக்கம் ஏற வேண்டுமில்லையா? ஊரில் ஏறியது மண்டிக்காரர் வீடு.

எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து சைக்கிளும் கூடையுமாக வந்த குடும்பம். வீட்டுக்குள் கன்னடம். முதலில் எங்கள் தோட்டத்துத் தக்காளியைத்தான் வாங்கிப் போனார்கள். அக்கா அவர்களுக்குச் சொம்பில் மோர் கொடுத்து வாசலில் நிற்கவைத்துப் பேசுவார். இப்போது பாலக்கோட்டில் அவர்களுக்கு மண்டி இருக்கிறது, லாரி இருக்கிறது. தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் மட்டும் இறங்குவதில்லை. கோயிலுக்கு முன்மண்டபம் கட்டிக்கொடுத்ததும் அவர்கள்தான்.

அந்த வீட்டம்மா ரத்னம்மா. அக்காவைவிட நாலைந்து வயது இளையவர். தங்கமான மனுஷி என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

பண்டிகைக்கு முன்னால் ஊர்க் கூட்டம். மண்டபம் கட்டினவங்களுக்கே முதல் தட்டைக் கொடுத்துவிடலாம் என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் மூத்தார், அதாவது சரசு அக்காவின் கணவர், அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வலிமையற்ற வாரிசு என்று பாடத்தில் வருவதற்கு உருவம் கொடுத்தால் எங்கள் மாமாதான். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பவர்.

ரத்னம்மாவே எழுந்து, "எங்களுக்கு வேணாங்க. எந்த வூட்டுக்குமே மேளம் போவ வேணாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது வூடுங்க எத்தினி வந்துடுச்சி! எல்லாரும் தண்ணி டேங்க்கிட்ட சேந்து ஒண்ணா கெளம்பலாம்" என்றாராம்.

எல்லோரும் மாமாவைப் பார்த்திருக்கிறார்கள்.

"அதுவும் சரிதானுங்களே" என்றாராம் மாமா.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு அக்காவின் ஞாபகம் வந்திருக்கிறது.

யார் சொல்வது?

"வசந்தா, நீ சொல்லிடும்மா. படிச்சவ, பக்குவமா சொல்லுவ" என்று மாமா என்னிடம் வந்து நின்றார்.

"ஒத்துக்கிட்டு வந்தது நீங்கதானே மாமா?"

"கூட்டத்துல ஒத்துக்கிறது சுளுவும்மா. அங்க சரசு இல்ல."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வருவதாகக் கிளம்பினார். அன்றைக்குப் பாலக்கோடு பங்கில் அப்படி என்ன கூட்டமோ, பண்டிகை முடிந்துதான் திரும்பினார்.

பண்டிகையன்று காலையில் துணிந்து சமையலறைக்குப் போனேன். அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு விஷயம்..."

"வாயத் தொற" என்று ஒரு விள்ளலை என் வாயில் போட்டார். "இனிப்பு பத்துமா பாரு."

"பத்தும்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஏலக்காய் வாசனைதான் மிச்சம்.

மத்தியானம் மறுபடி போனேன். இந்த முறை அவரே முந்திக்கொண்டார். "இந்த வருஷம் எம் பக்கத்துலயே நடடி. ஒவ்வொரு வருஷமும் கடைசில போயி நின்னுக்கிற. டீச்சர் வேலைக்குப் போறவ, உனுக்கும் ஒரு கௌரவம் வேணாம்?" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை. மறுபடியும் சொல்லாமலேயே திரும்பி வந்தேன். தர்பாரில் சாமரம் வீசினவர்களை இனிமேல் வகுப்பில் கிண்டல் செய்யக் கூடாது என்று அப்போதே தீர்மானித்தேன்.

தெருமுனை வரை

இப்போது அந்தக் கூடத்துக்கு வருவோம்.

பம்பை நெருங்கி வந்தது. டேங்கிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். சத்தம் தெருமுனைக்கு வந்ததும் அக்கா எழுந்து நின்றார். கதவுக்கு நேராகப் போய்த் தட்டை நெஞ்சுக்கு உயர்த்திப் பிடித்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

சத்தம் முனையில் கொஞ்சம் ஓங்கியது. அப்புறம் குறைந்தது. அப்புறம் இன்னும் குறைந்தது.

"ஏண்டி, மேளம் அந்தப் பக்கம் போவுது?"

மாமா சுவரோரம் போய் ஃபேன் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லிவிட்டேன். பக்குவமாவது ஒன்றாவது, அப்படியே கொட்டிவிட்டேன். "இந்த வருஷத்துலருந்து எந்த வூட்டுக்கும் வராதுக்கா. எல்லாரும் டேங்க்கிட்ட சேந்து கெளம்பிட்டாங்க. கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க."

அக்கா கத்துவார் என்று காத்திருந்தோம். கத்தவில்லை.

"இவுரு போயிருந்தாரே கூட்டத்துக்கு."

"ஆமாங்க்கா."

"ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"பால்காரனுக்கு?"

"அவனுக்கும் தெரியும்."

"மேளம் வர்றதுக்கு முந்தி பால ஊத்திட்டுப் போயிடுடான்னு காலைல அவங்கிட்ட சொன்னேன். சரிங்கம்மான்னு தலைய ஆட்டிட்டுப் போனானே!" அக்கா என்னையே பார்த்தார். "என்னாத்துக்குடி ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"பயம்க்கா."

"யாரக் கண்டு?"

"உங்களக் கண்டுதான்."

அந்த முகம் உடைந்ததை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"மரியாதன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் மெதுவாக. கண்ணீர் வழிந்தது. இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் துடைக்க முடியவில்லை. நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாமா ஒருவழியாக வாயைத் திறந்தார். "சரசு, நீ எங்கயும் போவ வேணாம். நம்ம சாமி ரூமுலயே வெளக்க வச்சிடலாம்."

"நீங்க பேசாதீங்க" என்றார் அக்கா. தட்டைக் குனிந்து பார்த்தார். குழியில் நெய் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. "ஆத்தாளுக்குன்னு ஏத்துன வெளக்கு. கோயிலுக்குப் போவாம இங்கயே அணையணுமா?"

மாமா மறுபடி ஃபேன் ஸ்விட்சுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கூப்புடாம இந்த வூட்டுப் படிய எறங்கி எனுக்குப் பழக்கம் இல்ல" என்று என்னைப் பார்த்தார். "நீ கூப்புடுடி."

"நானாக்கா?"

"வேற யாரு இருக்கறா? இவுரு கூப்புட்டா நான் வரமாட்டேன்."

கடைசி பெஞ்சுவரை கேட்கிற தொண்டை எனக்கு. அன்றைக்குச் சத்தமே எழும்பவில்லை. வாசலில் இறங்கி நின்று, திரும்பி, "வாங்கக்கா, போலாம்" என்றேன்.

வலது காலை எடுத்து வைத்து இறங்கினார்.

ஏரிக்கரையில்

வேகமாக நடந்தோம். கிட்டத்தட்ட ஓடினோம். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா, காற்று படாமல் அவர் விளக்குக்குக் கையை அணைத்தபடி நான். ஊர்வலத்தின் வாலை ஏரிக்கரை ஏற்றத்தில்தான் பிடித்தோம்.

கடைசியில் ரத்னம்மா நின்றிருந்தார். முன்னால் போகாமல் எதற்காக அங்கே நின்றார் என்று நான் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்ததும், "அய்யோ தேவ்ரே! அக்கா வந்துட்டாங்க" என்று கன்னடக் கடவுளையும் தமிழையும் சேர்த்துக் கூவிவிட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. எத்தனை வருடப் பழக்கம்! கேட்காமலேயே பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட்டார்கள்.

"முன்னாடி போங்கக்கா" என்றார் ரத்னம்மா. ஒப்புக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே சொன்னார்.

அக்கா அந்த வழியைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம் ரத்னா. இங்கயே வர்றேன். எனுக்கு நெய் கம்மியா இருக்குது, உங்கிட்ட இருந்தா ஊத்து" என்றார்.

ரத்னம்மா நெய்யை ஊற்றினார். அக்காவின் சுடர் நிமிர்ந்தது. வரிசை நகர்ந்தது. பக்கத்தில் நடந்த யாரோ அக்காவின் புடவையை மிதித்துவிட, "கண்ணு எங்கடி வச்சிருக்கற?" என்று ஒரு அதட்டல் போட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஏரிக்கரை எங்கள் ஊரில் வளைந்து போய்க் கோயிலில் முடியும். ஏற்றத்தின் மேலே வந்ததும் அந்த வளைவு முழுக்கக் கண்ணில் படும். பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்குகிற நேரம். முன்னால் போகிற பெண்களின் முகம் தெரியாது, விளக்குகள் மட்டும் வரிசையாக அசைந்து அசைந்து கோயில்வரை போய்க்கொண்டிருக்கும். கீழே தண்ணீரில் இன்னொரு வரிசை.

அக்கா நின்றுவிட்டார். பின்னால் யாரும் இல்லாததால் யாரும் இடிக்கவில்லை.

"ஏண்டி, எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"ஆமாங்க்கா. வருஷா வருஷம் இப்படித்தான்."

"முன்னாடியே போயிப் போயி நான் இத ஒரு நாளும் பார்த்தது இல்லியே" என்றார். வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பழைய அதிகாரமெல்லாம் திரும்பி வந்த மாதிரி என் பக்கம் திரும்பி முறைத்தார்.

"இதக்கூட ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல பாரு!"